நான் அனுப்பாத ஆறு எண்

கவரைப்பேட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஷைனிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே மூன்று பேரும் நலம். உன் சளி விட்டதா, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாயா என்று தெரிந்தால் எங்கள் நலம் முழுசாகிவிடும். உன் அப்பாவுக்கு இந்த மாதம் அத்திப்பட்டில் பகல் ஷிப்ட். கரித் தூசியில் இருமல் கொஞ்சம் இருக்கிறது, டாக்டரிடம் போகச் சொன்னால் மண்டே போறேன் என்கிறார், எந்த மண்டே என்று சொல்வதில்லை, நீ ஒரு வார்த்தை அதட்டினால் போவார். எனக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. இப்போது ஆலையில் நான் சோதிக்கிற ரப்பர் வளையத்தில் இருக்கும் மயிரிழை வெடிப்புகூடத் தெரிகிறது, அதனால் கழிக்கிற பெட்டி சீக்கிரம் நிரம்புகிறது, சூப்பர்வைசருக்கு என் கண்ணாடி பிடிக்கவில்லை.

இதை உன் தம்பி ஜோஷ்வாவின் புது லேப்டாப்பில் அடித்து மெயிலில் அனுப்புகிறேன். காலேஜில் எல்லாருக்கும் கொடுத்தார்கள் என்று போனில் சொன்னேனே, அதுதான். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக் கிழிக்க இன்னும் விடமாட்டேன் என்கிறான். வந்த அன்றைக்கு உன் அப்பா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னாடா இவ்ளோ லேசா கீது, என் சோத்து டப்பாவே இதவிட வெயிட்டா இருக்கும், உள்ள எதுனா கீதா இல்லியா என்று கேட்டார். ஆலையில் என் பக்கத்து மேசை லோகு வந்து பார்த்துவிட்டு, அன்னிக்கு ஷைனிக்கு மட்டும் இது கெடச்சிருந்தா அந்தப் பொண்ணு இந்நேரம் நெலாவுக்கே போயிருக்கும் என்றாள். உன் வருஷத்தில் கொடுப்பது நின்றுபோயிருந்தது, நீ பஜாரில் பிரவுசிங் சென்டரில் பிறர் எழுந்திருக்கக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இப்போது அப்பாவும் ஜோஷ்வாவும் எளாவூரில் ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போயிருக்கிறார்கள். தலைவலி என்று சொல்லி நான் நின்றுவிட்டேன். தலைவலி இல்லை. வீடியோ கால் என்றால் நாலு முகம் எட்டிப் பார்க்கும், அதில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது.

வெள்ளிக்கிழமை உங்கள் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்கள் சார்பாக நீ பேசப்போவதை, நான் படிக்க வேண்டும் என்று தமிழிலும் எழுதி அனுப்பினாய். புது லேப்டாப் எல்லாருக்கும் என்று அறிவித்துவிட்டு, அங்கே தங்கும் அட்டை கைக்கு வந்த பிறகுதான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தருகிறார்கள், அட்டை வர இரண்டு மாதம் ஆகிறது, அதற்குள் முதல் பரீட்சையே முடிந்துவிடுகிறது என்று நீ எழுதியிருப்பது நியாயம். உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாளில் தடங்கல் வந்தவர்களுக்கு ஒரு வாரம் கூடுதல் கொடுங்கள் என்று கேட்பதும் நியாயம். விதி எழுதுகிறவர் மனதில் ஒரு மாணவர் இருக்கிறார், அவருக்குச் சொந்த மேசை, சொந்த எண், கூப்பிட்டால் பதில் சொல்லும் வீடு எல்லாம் இருக்கின்றன, அந்த மாணவர் நான் இல்லை என்று ஒரு வரி வருகிறதே, அதை மூன்று முறை படித்தேன். நான் இத்தனை வருஷம் நூலகத்திலிருந்து கொண்டுவந்து போட்ட புத்தகங்களில் ஒன்றிலும் இவ்வளவு எளிதாக இதைச் சொல்லிப் பார்த்ததில்லை.

ஆனால் நடுவில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஜோஷ்வா இந்த லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அதைச் சத்தமாகப் படித்தான். விண்ணப்பத்தின் கடைசி நாள், ஆறு எண் ஓடிபி அம்மாவின் போனுக்கு வரும், பத்து நிமிஷத்தில் செத்துவிடும், அம்மாவோ ஆலைக்குள், போன் கேட்டில். செக்யூரிட்டி அறைக்குக் கூப்பிட்டுக் கெஞ்சினேன், அவர் உள்ளே போய்ச் சொல்லவில்லை, கெட்டவர் இல்லை, விதி மட்டுமே தெரிந்தவர், அப்படி ஒரு வருஷம் போயிற்று, அம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை, மறு வருஷம் அவள் மூன்று நாள் லீவு போட்டுப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்று முடித்திருக்கிறாய். உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுகிர்தா, நம்ம பொண்ணு உன்ன எவ்ளோ பெருமையா எழுதிக்கீது பாத்தியா என்றார். நான் குழம்பு அடி பிடிக்கிறது என்று எழுந்து போனேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

ஷைனி, அந்த செக்யூரிட்டி, பச்சையப்பன் அண்ணன், உள்ளே வந்து சொன்னார். வந்து சொல்லவில்லை என்று உன்னிடம் நான் சொன்னது பொய். நீ கூப்பிட்ட ஐந்தாவது நிமிஷம், யூனிபார்ம் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, உள்ளே வரக்கூடாத மனுஷன் என் மேசைக்கே வந்து நின்றார். யம்மா, உன் பொண்ணு அழுவுது, இன்னாவோ நம்பராம், இன்னிக்கு அஞ்சு மணியோட மூடிடுவாங்களாம், உன் போன நான் தொட்டா என் வேல பூடும், நீ வந்து ஒரு நிமிசம் பாத்துட்டுப் போயிடு என்றார். லைன் ஓடுது அண்ணா, கொஞ்சம் கழிச்சி வரேன் என்றேன். லோகு, நீ போ சுகி, உன் தட்டையும் நானே பாத்துக்கினு இருக்கேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். சூப்பர்வைசர் எட்வர்ட் சார் அன்றைக்கு லீவு, கேட்க யாரும் இல்லை. என் மேசையிலிருந்து கேட் நூறு அடி இருக்கும். அண்ணன் இன்னொரு தடவையும் வந்தார். நான் தலை நிமிரவில்லை. அந்த இரண்டு மணி நேரம் நல்ல வளையம் எது, வெடித்த வளையம் எது என்று ஒன்றும் தெரியாமல் தட்டு தட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தரைக்குப் போய்ப் போனை எடுத்தபோது பதினாலு மிஸ்டு கால், நாலு ஓடிபி, நாலும் செத்தவை. வீட்டுக்கு வந்தால் நீ அழுது முடித்துவிட்டு எனக்கு டீ போட்டு வைத்திருந்தாய். உம்மேல இன்னாமா தப்பு, அந்த ஆளு வந்து சொல்லிருக்கணும் என்று நீயே எனக்கு ஒரு வழி காட்டினாய். ஆமாம், வந்து சொல்லவே இல்லை என்று நான் அதில் நடந்துவிட்டேன்.

ஏன் போகவில்லை என்று கேட்பாய். பயம் என்று சொன்னால் நீ உடனே மன்னித்துவிடுவாய், எல்லா அம்மாவுக்கும் அந்தப் பயம் உண்டு என்பாய். பயம் இருந்தது, ஆனால் பயம் மட்டும் இல்லை. எனக்குப் பதினெட்டில் கல்யாணம். எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி ஆந்திராவில் சூலூர்பேட்டை வரைக்கும் போனதுதான் என் வெளிநாடு. பனி விழும் ஊர்களின் தெருக்கள், ரயில் நிலையங்கள் எல்லாம் நீ பிறப்பதற்கு முன்பே படித்துப் படித்து எனக்குத் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். நான் மனதுக்குள்ளேயே போய் வந்துகொண்டிருந்த இடத்துக்கு நீ நிஜமாகவே டிக்கெட் எடுக்கப் போகிறாய் என்று தெரிந்தபோது ஒரு நாள், அந்த ஒரே நாள், எனக்குப் பொறுக்கவில்லை. பெற்ற பெண் மேல் அப்படி வருமா என்று எந்தப் புத்தகத்திலும் தேடிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் போயிற்று. மறு வருஷம் லீவு போட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தேனே, அதற்கும் அந்த ஒரு நாள்தான் காரணம். பாசம்தான், ஆனால் பாசம் மட்டும் இல்லை.

இதை நான் சாகும்வரை உள்ளேயே வைத்துக்கொண்டிருப்பேன், என் சுபாவம் உனக்குத் தெரியும். ஆனால் பச்சையப்பன் அண்ணனை, பேர் சொல்லாவிட்டாலும், அசையாமல் நின்ற மனுஷனாக நூறு பேர் முன்னால் நீ வாசிக்கப் போகிறாய். நீ வெளிநாட்டுக்குப் புறப்படும் முன் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாய். மறுநாள் அவர் என்னிடம், பாப்பாவுக்கு எம்மேல இன்னாமா கோவம் என்று கேட்டார். பாஸ்போர்ட் டென்ஷன் அண்ணா என்றேன். அவர் அதை நம்பிக்கொண்டு இன்றைக்கும் பாப்பா நல்லா கீதா, பனியில வழுக்கி உழாம பாத்துக்கச் சொல்லு என்கிறார்.

ஆகையால் அந்தப் பகுதியை மாற்றி எழுது. எடுத்துவிடு என்று சொல்லவில்லை, மாற்றி எழுது. லேப்டாப் கொடுக்கிறவர்கள் அதில் விண்ணப்பத்தைத் திறக்கும் எண் யார் கையில் இருக்கிறது என்று கேட்பதில்லை. நம் தெருவில் அது அப்பா கையில் இருக்கிறது, கூடப் பிறந்த அண்ணன் கையில் இருக்கிறது, ஆலைக் கேட்டில் இருக்கிறது, சில சமயம் என் போன்ற ஒருத்தி கையில் இருக்கிறது. அவர்கள் நல்ல மனதோடு இருக்கிற நாளில்தான் ஒரு பெண் படிக்கப் போக முடியும் என்றால் அது என்ன உதவித்தொகை. உன் பேச்சில் இல்லாதது இதுதான். ஒரு வாரம் கூடுதல் கொடுத்திருந்தால் நான் அந்த ஒரு வாரமும் தலை நிமிராமல் இருந்திருப்பேன். எண் பிள்ளையின் கைக்கே வரட்டும் என்று கேள். என் போட்டோவைப் போடலாமா என்று கேட்டிருந்தாய், வேண்டாம். பேரும் வேண்டாம், ஒரு அம்மா என்று போடு, ஆனால் தப்பு இல்லாத அம்மா என்று போடாதே. உனக்கு இதையெல்லாம் மேடையில் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் நான் ஒன்றும் நினைக்கமாட்டேன், அண்ணனைப் பற்றிய வரியை மட்டும் எடுத்துவிடு.

ஜோஷ்வாவின் பதிவுகளை எல்லாம் லேப்டாப் வந்த அன்றே அவன் சொந்த எண்ணுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன், எதுக்குமா என்றான், சும்மா என்றேன். உன்னுடையது மட்டும் இன்னும் என் போனில் இருக்கிறது. பேங்க் வேலை என்றால் நான் டீ பிரேக்கில் பத்தேகாலுக்கு வெளியே வருவேன் என்று நீ அங்கே ஆறே முக்கால் இருட்டில் எழுந்து காத்திருக்கிறாய். ஒன்றரை வருஷமாக ஒரு எண்ணைக்கூட நான் தவறவிட்டதில்லை. எண் வரும்போது என் பெண் எழுந்துவிட்டாள் என்று எனக்கு ஒரு நிம்மதி, அதையும் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். ஜூனில் நீ வந்ததும் முதல் வேலையாக ஆதார் மையத்துக்குப் போய் உன் எண்ணுக்கு மாற்றிவிடுவோம், வரிசையில் நானும் நிற்கிறேன். அப்பாவிடம் இதை இந்த வாரமே சொல்லிவிடுவேன், நீ சொல்ல வேண்டாம்.

நடக்கிற பாதையில் கால் வழுக்காமலும், பேசுகிற இடத்தில் நாக்கு தடுமாறாமலும் ஆண்டவர் உன்னோடு இருக்கட்டும். காலையில் வெறும் காபியோடு ஓடாதே, ஏதாவது நாஷ்டா பண்ணிவிட்டுப் போ. நாளைக்குக் காலையில் போனைக் கொடுக்கும்போதே அண்ணனிடம் நானே எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். பத்தேகாலுக்கு டீ எடுக்காமல் நேராகக் கேட்டில் வந்து நிற்பேன். ஓடிபி வேண்டாம், திட்டுவதற்காகவாவது கூப்பிடு. போனை முதலில் அவரிடம் கொடுக்கிறேன், அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு அப்புறம் என்னிடம் வா.

நாளைக்குக் கேட்டில் நிற்கப்போகும்
உன் அம்மா
சுகிர்தா