உறைந்துபோன பியர்ப் பீப்பாய்

சனி இரவு, தை மாதம்

மச்சானைக் கராஜுக்குக் கூட்டிப்போய்ப் பெருமையாகப் பியர்க் குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. குழாய் பூட்டின பிரிட்ஜுக்குள் இருந்த பீப்பாய் உறைந்திருந்தது. சாமியறை உள்ள பேஸ்மெண்டில் பியர் வைக்க மனைவி விடாததால்தான் பிரிட்ஜ் கராஜில் நிற்கிறது. மூன்று பாகையில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். வெளியே மைனஸ் பதினெட்டு. பிரிட்ஜுக்குக் குளிராக்கத்தான் தெரியும், சூடாக்கத் தெரியாது என்பது இந்த மண்டையில் ஏறவில்லை.

"அத்தான், உதைத் தூக்கி எறியுங்கோ. ரின்னில அடைச்ச பியர் குடிச்சால் இறங்காதோ?" என்று மச்சான் சிரித்தான்.

"எறியமாட்டன். நாளைக்கே உள்ளுக்கு ஒரு பல்ப் கொழுவிச் சூடு காட்டுறன், இருந்து பார்."

"உந்தப் பெட்டியில ஏனப்பா இவ்வளவு பிடிவாதம்?" என்றாள் கராஜ் கதவடிக்கு வந்த மனைவி.

தனிவீடு போன மகன் சனிக்கிழமைகளில் அந்தக் குழாயடியில் நிற்கும்போது மட்டும்தான் என்னோடு வாய்திறந்து பேசுகிறான். பழைய பல்ப் ஒன்றைத் தேடத் தொடங்கினேன்.