வாசலில் போட்ட வெள்ளைக் கட்டம்

மார்ச் 4, செவ்வாய்

தம்பி மறுபடியும் விழுந்துவிட்டான். நடைபாதையின் குறுக்கே எவனோ போட்டுவிட்டுப் போன வாடகை மின்சார ஸ்கூட்டர். கோலுக்குத் தப்பிக் காலில் சிக்கியிருக்கிறது. கண் தெரியாதவன் நடக்கிற பாதை என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றும்? உதட்டில் தையல். பேருந்து நிறுத்தம் வரை தனியாகப் போய்வருவதில் அவனுக்கு அத்தனை பெருமை. இனி நான் கூட வருகிறேன் என்றேன்.

மார்ச் 6

நகராட்சிக்குப் போனேன். "வண்டிக்கு இவ்வளவுன்னு அனுமதிக் கட்டணம் வாங்கிட்டுத்தாம்மா விட்டிருக்கோம்" என்கிறார் குமாஸ்தா, ஏதோ என்னிடம் கொடுத்துவிட்ட மாதிரி.

எதுக்கு வாங்கினீங்க?

"வண்டிங்க நிறுத்த இடம் போட."

எங்க போட்டீங்க?

"போடுவோம்மா."

ஸ்கூட்டர் கம்பெனிக்குப் போன் செய்தால், "நாங்கதான் கட்டணம் கட்டிட்டோமே மேடம்." வாங்கினவனுக்கும் கவலை இல்லை, கட்டினவனுக்கும் கவலை இல்லை. தையல் மட்டும் என் தம்பிக்கா?

மார்ச் 11

நிறுத்தத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனால் தம்பி சொல்கிறான், "போலீஸ்காரி மாதிரி பிடிக்காதக்கா, நான் என்னத்தைத் திருடினேன்னு எல்லாரும் பாப்பாங்க." எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

மார்ச் 19

என்னைக் கண்டதுமே குமாஸ்தா நழுவப் பார்த்தார். வாசலிலேயே மறித்துக்கொண்டேன். "கட்டணம் வாங்கினா நடைபாதையை வித்துட்டதா அர்த்தமா? என் தம்பி உதட்டை வந்து பாருய்யா!" வரிசையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே.

ஏப்ரல் 2

அடப்பாவிகளா! ஊரில் வேறு இடமே கிடைக்கவில்லையா? ஸ்கூட்டர் நிறுத்தக் கட்டம் போட்டுவிட்டார்கள் — எங்கள் வீட்டு வாசலை ஒட்டி! வெள்ளைக் கோடு, மூன்று பக்கமும் இரும்புக் கம்பி. பழிவாங்கத்தான், சந்தேகமே இல்லை. நாளைக்கே போய் அந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன்.

ஏப்ரல் 3

போகவில்லை. செருப்பு மாட்டும்போதே தம்பி தடுத்துவிட்டான். கோலால் கம்பியைத் தட்டிக்கொண்டே கட்டத்தை இரண்டு முறை சுற்றி வந்தான்.

"இருந்துட்டுப் போகட்டும்க்கா. நிறுத்தத்துக்கிட்டயும் ஒன்னு போட்டிருக்காங்களாம். இதுல விடலைன்னா வாடகை ஓடிக்கிட்டே இருக்குமாம், எவன் வழியில போடுவான்? எங்க நிக்குதுன்னு தெரிஞ்சா எனக்கு என்ன பயம்? நாளைலேருந்து நானே போய்க்கிறேன்."

"அப்போ நான்?" என்று கேட்டுத் தொலைத்தேன். எதற்குக் கேட்டேன்?

ஏப்ரல் 4

போய்விட்டான். கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "பாக்காதக்கா!" என்று திரும்பாமலே கத்துகிறான். எப்படித்தான் தெரியுமோ.

அவன் தெருமுனை தாண்டியதும் பார்த்தால், ஒரு வண்டி கட்டத்துக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. விட்டவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே உள்ளே தள்ளி வைத்தேன். சாயங்காலம் தம்பி இந்த வழியாகத்தான் வருவான்.