தையல்காரர் வண்டியில் நான் போடச் சொன்ன கம்பி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தம்பி, நான் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, கை கால் முழுசாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே வேண்டுதல். இந்த முறை அதைச் சும்மா வழக்கத்துக்காக எழுதவில்லை. சனிக்கிழமை போன் பண்ணி வண்டியைத் தொடாதே, வேலைக்கு பஸ்ஸில் போ என்று சொன்னேன், நீ ஏம்மா ஏம்மா என்று கேட்கக் கேட்க, பின்பக்கச் சக்கரத்தில் ஒரு சின்ன சந்தேகம் என்று மழுப்பிவிட்டு வைத்துவிட்டேன். நீயும் நல்ல பிள்ளையாகச் சரி என்றாய். அது சின்ன சந்தேகம் இல்லை பாப்பா. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே அழுதுவிடுவேன், நீ அங்கே தனியாக உட்கார்ந்து பதறுவாய், அதனால்தான் சாப்பாட்டு நேரத்தில் பல் கிளினிக் லேபிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் பிளாஸ்டர் மாவு ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மறந்துபோகும். அப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், வீட்டில் இவ்வளவு ஒட்டடை இருந்ததா என்று என்னையே கேட்கிறார். இத்தனை வருஷமாக லைப்ரரியில் தூசிக்குள் உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு என் வீட்டு ஒட்டடைதான் கண்ணில் படுகிறது. தம்பி பரீட்சை முடித்துவிட்டு நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறான், கேட்டால் மூளைக்கு ஓய்வு கொடுக்கிறானாம். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, நானே வாஷர் மாற்றியிருப்பேன், ஆனால் இந்த மூன்று நாளாக ஸ்பானரை எடுத்தாலே கை கூசுகிறது. வாளியை வைத்துவிட்டு விட்டுவிட்டேன்.

நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் உனக்குத் தெரிந்ததுதான், பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கிற இடத்துக்குப் பின்னால், எல்லாம் ஒரே மாடல் பழைய வண்டிகள், வண்டியை விட வயசான ஆட்கள். நீ போன பிறகு இருபத்தாறு வண்டி ஆகிவிட்டது. முதல் நாள் நான் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியபோது ஒருவர் என்னிடம் சார் எங்கேம்மா என்று கேட்டதைச் சொல்லி நீ விழுந்து விழுந்து சிரித்தாயே, அதே ஆள்தான் பிறகு கார்புரேட்டர் அடைத்துக்கொண்டபோது என் முன்னால் வந்து நின்றார். பல்லுக்குக் கம்பி வளைக்கிற கை, அந்த ஊசித் துளையை ஐந்து நிமிஷத்தில் சுத்தம் பண்ணிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் பல்லக்கா. எந்த வண்டிக்கு என்ன வந்தாலும் போன் குரூப்பில் பல்லக்காவைக் கேளுங்க என்று ஆகிவிட்டது. அதில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், இல்லை என்று சொன்னால் பொய். ரேஸ் பேச்சு வந்தாலோ இன்னும் மோசம். நீ மலைப்பாதை ரேஸில் வளைவில் கொடி பிடித்து நிற்கப் போகிறாய் என்று சொன்ன நாளிலிருந்து அங்கே எல்லாருக்கும் நீ அவர்கள் வீட்டுப் பெண். யார் எந்த வளைவில் யாரை முந்தினான் என்று நீ எழுதுவதை நான் சத்தமாகப் படிப்பேன், வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கணுமா வளைவுக்குள்ளே பிடிக்கணுமா என்று வெல்டரும் ரிட்டயரான பஸ் டிரைவரும் சண்டை போட்டு ஒரு மாசம் பேசாமல் இருந்தார்கள். இருவருமே அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதில்லை.

அந்த ரேஸிலிருந்து நீ ஒரு படம் அனுப்பியிருந்தாய், ரேஸ் வண்டியில் நட்டுகள் எல்லாம் கழலாமல் இருக்கக் கம்பி முறுக்கிப் போட்டிருப்பதை. நீ விவரமாகத்தான் எழுதியிருந்தாய், அது துருப்பிடிக்காத தனிக் கம்பி, அதற்கென்றே குறடு இருக்கிறது, ரேஸுக்கு ரேஸ் மாற்றிவிடுவார்கள் என்று. நான் அதில் பாதியைத்தான் காதில் வாங்கினேன். ரேஸ்காரனே கம்பிதான் போடுகிறான் என்ற பாதி. நீ லீவில் வந்தபோது உன் வண்டிக்கு நான் செயின் மாற்றினேன், நினைவிருக்கிறதா? பின்பக்க பிரேக் மூடி சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிவிடாமல் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு இரும்பு ராடு போகிறதே, அதன் நட்டுக்குக் குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின் இருக்கும், கொண்டை ஊசி மாதிரி. அது கழற்றும்போது ஒடிந்துவிட்டது. பதிலுக்குக் கட்டுக்கம்பியை, கட்டடக்காரர்கள் இரும்புக் கம்பியைக் கட்டுவார்களே அதே கம்பியை, இரண்டு சுற்றுச் சுற்றி அழகாக முறுக்கிவிட்டேன். என் வண்டிக்கும் அப்படியே செய்திருந்தேன். நீ கூட முறுக்கு பிரமாதம்மா என்று சொன்னாய். ரேஸ் கம்பி பற்றி எழுதியவள் நீதானே என்று உன்னையே போட்டு வருத்திக்கொள்ளாதே, நீ அன்றைக்கு முறுக்கைத்தான் பார்த்தாய், எந்தக் கம்பி என்று நானும் சொல்லவில்லை.

இரண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் தையல்காரர் குரூப்பில் கேட்டார். பள்ளிக்கூட யூனிபார்ம் தைப்பாரே, அதிர்ந்து பேசாத மனுஷன், அவர்தான். வீட்டிலேயே பிரேக் ஷூ மாற்றிக்கொண்டிருந்தார், பின்னு ஒடிஞ்சுபோச்சு, கடையும் பூட்டியிருக்கு, என்ன பண்றது என்று கேட்டார். யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் பதில் போட்டேன், பின்னே வேணாம், கட்டுக்கம்பிய ரெண்டு சுத்து சுத்தி முறுக்குங்க, ரேஸ்ல எல்லாமே கம்பிதான் என்று. வெல்டர் உடனே எழுதினார், அக்கா ரேஸ் கம்பி வேற, இது வேற, ஆட்டத்துல அத்துப்போயிடும் என்று. நாங்கள் அவரை பிஸ்டன் என்றுதானே கூப்பிடுவோம், பிஸ்டனுக்கு பின்னு மேல என்ன அவ்வளவு பாசம் என்று நான் கேலி பண்ணினேன். பதினோரு பேர் சிரிக்கிற மூஞ்சி போட்டார்கள். தையல்காரர் முறுக்கி முடித்துப் படமும் அனுப்பினார், அவர் கை அல்லவா, தையல் போட்ட மாதிரி இருந்தது. அசத்திட்டீங்க என்று பாராட்டினேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் யூனிபார்ம் கட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ரயில்வே கேட் வளைவில் பிரேக் மிதித்திருக்கிறார். கம்பி அறுந்து நட்டு எங்கேயோ விழுந்து, ராடு தனியாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மிதித்ததும் பிரேக் மூடி சுற்றிச் சக்கரம் அப்படியே இறுகிவிட்டது. வண்டி அவர் காலின் மேலேயே விழுந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் ஒரு கை தூரத்தில் நிறுத்தினார். வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு, உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். அந்தக் காலால்தான் அவர் மிஷின் மிதிப்பார்.

இப்போது நான் செய்ததைக் கேள். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் எல்லாரும் கூடி நின்றபோது, நட்டு இருந்த இடம் காலியாக இருந்தது என்று பஸ் டிரைவர் சொன்னார். நான், என் வாயால், சரியா முறுக்கியிருக்க மாட்டாரு என்று சொன்னேன். சொன்னதோடு விட்டேனா, வீட்டுக்கு வந்து குரூப்பில் நான் எழுதியதை அழித்துவிட்டேன். செய்தி நீக்கப்பட்டது என்று ஒரு வரி நிற்கிறது, கீழே பிஸ்டனின் எச்சரிக்கையும் அந்தச் சிரிப்பு மூஞ்சிகளும் அப்படியே இருக்கின்றன. பிஸ்டன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தையல்காரரும் என் பேரை எடுக்கவில்லை. என் மேலதான் தப்பு, நட்ட ஒழுங்கா முறுக்கத் தெரியாதவன் எதுக்கு ஸ்பானரத் தொடணும் என்று பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டார். நான் பழம் வாங்கிக்கொண்டு போய் அதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தேன். சத்தியமாக, கம்பிதான் காரணம் என்று அப்போது நம்பவில்லை பாப்பா. நம்ப எனக்கு இஷ்டம் இல்லை என்பதுதான் நிஜம்.

சனிக்கிழமை காலையில் என் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். துணியால் அந்த இடத்தைத் துடைத்தேன், கம்பி துணியோடு வந்துவிட்டது. இழுக்கக்கூட இல்லை. ஓரமெல்லாம் துரு, நடுவில் நூல் மாதிரி தேய்ந்திருந்தது, நட்டு விரலாலேயே சுற்றியது. தையல்காரர் நினைவுக்கு வருவதற்கு முன்னால் நீ நினைவுக்கு வந்தாய். அவர் விழுந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது, அந்தப் பதினெட்டு நாளும் நீ அதே மாதிரிக் கம்பியோடு மலை ரோட்டில் வேலைக்குப் போய் வந்திருக்கிறாய், நான் இங்கே என் பேரைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன். சோப்புக் கையோடுதான் உனக்கு போன் பண்ணினேன்.

அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், அவரோ, நாளைக்குப் போகலாம், நானும் வர்றேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பின்னால் உட்கார வைத்து, புதுப் பின் போட்ட வண்டியில் போனேன். வழக்கம்போல என் தோளை நசுக்கிக் கண்ணை மூடிக்கொண்டார், கண் ஆபரேஷனுக்குச் செலவழித்ததே தண்டம். நான் ஓட்டிய வேகத்தில் ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார். தையல்காரர் வீட்டு முன்னறையில் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார், அவர் மனைவி ஜன்னல் ஓரத்தில் அவர் மிஷினில் உட்கார்ந்து யூனிபார்ம் தைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பிஸ்டன் சொன்னது, நான் கேலி பண்ணியது, அழித்தது, ஆஸ்பத்திரியில் சொன்னது, எதையும் விடவில்லை. என் கம்பித் துண்டையும் காட்டினேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார், அப்போ நட்ட நான் ஒழுங்காத்தான் முறுக்கியிருக்கேனா அக்கா என்று. ஆமாம் என்றேன். அவர் முகம் அப்படியே இளகிவிட்டது பாப்பா, மனைவியைப் பார்த்து, கேட்டியா, நான் ஒழுங்காத்தான் முறுக்கியிருக்கேன் என்று சொன்னார், கண்ணில் தண்ணீர். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன், அதைத் தாங்க முடியவில்லை. அவர் மனைவி திரும்பவே இல்லை. நாங்கள் செருப்பு மாட்டும்போது மிஷினை நிறுத்தி, இத மூணு வாரத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல, தெனம் அழுதாரு என்றார்.

வீட்டுக்கு வந்து குரூப்பிலும் எழுதிவிட்டேன், இந்த முறை அழிக்க மாட்டேன். அப்புறம் ஒவ்வொருவராக, என் வண்டியிலயும் அந்தக் கம்பிதான் இருக்கு என்று எழுதினார்கள். ஒன்பது பேர். ஒன்பது பேர் பல்லக்கா சொன்னார்கள் என்று செய்திருக்கிறார்கள், எனக்குத் தெரியவே தெரியாது. பிஸ்டன் மட்டும், யாரும் வண்டிய எடுக்காதீங்க, நான் வீடு வீடா வந்து பின்னு போட்டுத் தர்றேன், அக்கா நீங்களும் கூட வாங்க என்று எழுதினார். நேற்று நான்கு வண்டிக்குப் போட்டோம். அவர் போட்டார், நான் டார்ச் பிடித்தேன். கேலியைப் பற்றி நான் ஆரம்பித்தபோது வெளிச்சத்த இந்தப் பக்கம் காட்டுங்க என்றார், அவ்வளவுதான் பேச்சு. பழைய மாதிரி ஆகுமா என்று தெரியவில்லை. தையல்காரர் கால் எப்படிச் சேருமோ அதுவும் தெரியவில்லை, மூன்று மாசம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

இதோடு இரண்டு புது ஸ்பிளிட் பின் வைத்திருக்கிறேன், ஒன்று ஒடிந்தால் இன்னொன்று. அங்கேயே கிடைக்கும் என்று தெரியும், இருந்தாலும் மனசு கேட்கவில்லை. என் வண்டியில் இருந்த கம்பித் துண்டையும் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன், கையைக் குத்திக்கொள்ளாதே. பிரேக் ராட்டின் நட்டை முழுசாக முறுக்கு, துளை நேராக வந்ததும் பின்னைச் செருகி அதன் இரண்டு காலையும் எதிரெதிராக மடக்கு. கழற்றிய பின்னை மறுபடி போடாதே. வெயிலில் கொடி பிடித்து நிற்கும்போது தண்ணீர் குடி. எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு இருக்கும், நீ நூறு வருஷம் நன்றாக இருக்கணும். போட்டு முடித்ததும் படம் அனுப்பு, அது வரும்வரை எனக்கு வேறு நினைப்பு ஓடாது. அனுப்புவதற்கு முன்னால் விவரம் தெரிந்த யாரையாவது கூப்பிட்டு ஒரு தடவை பார்க்கச் சொல். அவர் வேறு மாதிரி சொன்னால், அம்மா இப்படித்தான் சொன்னாள் என்று அவரிடம் வாதாடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பதினெட்டு நாள் அந்த வண்டியில் போகவிட்ட,
அம்மா