உன் அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்த மாத்திரை

அன்புள்ள வாலு,

நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றிலிருக்கும் சின்னதும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அம்மா சுகம். நானும் சுகம் என்று எழுதக் கை கூசுகிறது. இதைச் சொல்ல மூன்று முறை உனக்குப் போன் செய்தேன், உன் குரலைக் கேட்டதும் மாப்பிள்ளையின் சளியை விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

அம்மாவுக்கு ஒரு வருடமாகவே சிறுநீரை அடக்க முடியவில்லை. நூலக வேலையில் புத்தகம் எடுக்க வந்தவர்களை வரிசையில் அப்படியே நிறுத்திவிட்டு ஓடுவாளாம், கறை தெரியாத நிறத்தில்தான் உடுத்துவாளாம், பேருந்தில் கதவோர இடம் இல்லாவிட்டால் ஏறவே மாட்டாளாம். இதெல்லாம் இப்போது கேட்டுத் தெரிந்துகொண்டது. ஒரே வீட்டில் இருந்த எனக்கு அப்போது கேலி செய்யத்தான் தெரிந்தது. ஒரு நாள் காலை நான் கிளினிக்குக்குக் கிளம்பி ஷூ மாட்டும்போது தயங்கித் தயங்கிச் சொன்னாள். செருப்பு அலமாரி மேல் மருந்துச் சீட்டை வைத்து, சிறுநீரை அடக்கும் மாத்திரை ஒன்றை நின்றபடியே எழுதிக் கொடுத்தேன். முப்பது வருடமாக என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்ன பெண்களுக்கும் அப்படித்தான், தலை நிமிராமல் எழுதியிருக்கிறேன். வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்கவில்லை. என் பெண்டாட்டியைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. அவளோ அரிப்புக்கென்று தோல் டாக்டர் கொடுத்த, தூக்கம் வரவழைக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டும் சேர்ந்தால் அவள் வயதில் வாய் உலரும், புத்தி மந்தமாகும். வாய் உலர்கிறது என்றாள், தண்ணீர் குடி என்றேன். இன்னும் அடங்கவில்லை என்றாள், அளவைக் கூட்டினேன்.

அப்புறம்தான் கேட்டதையே கேட்பது, சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போவது எல்லாம் வந்தது. அம்மாவுக்கு மறதி நோய் ஆரம்பித்துவிட்டது, பிரசவத்துக்கு அவளைக் கூப்பிடாதே, குழந்தையை அவள் கையில் நம்பிக் கொடுக்க முடியாது என்று எல்லாம் தெரிந்தவன் மாதிரி உனக்குப் போனில் சொன்னேன். நீ அழுதாய். உன் மாமியாரை வரச் சொல்லிவிட்டாய்.

போன மாதம் அவளுக்குச் சிறுநீர் அடியோடு நின்று அடிவயிறு கல்லாகிவிட்டது. பெண்கள் மருத்துவமனையில் குழாய் போட்டு எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும். மாத்திரைகளையெல்லாம் மேஜையில் கொட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இந்த ரெண்டையும் சேத்துச் சாப்பிடச் சொன்னது யாரு?" என்று கேட்டாள். நான் சுவரைப் பார்த்தேன். உன் அம்மா, "தெரிஞ்சவங்க சொன்னாங்கன்னு நானே கடையில வாங்கினேன் டாக்டர்" என்றாள். படித்தவர்களே இப்படிச் செய்யலாமா என்று அந்தப் பெண் திட்டினாள். அம்மா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன் வாலு, வாயே திறக்கவில்லை. நினைத்தால் இப்போதும் மானம் போகிறது.

இரண்டு மாத்திரையையும் நிறுத்தி மூன்று வாரமாகிறது. புத்தி தெளிந்துவிட்டது, நூலகத்துக்குத் திரும்பப் போகிறாள், எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் என்று மற்றவர்கள் இவளைத்தான் கேட்கிறார்களாம். தசைக்கான பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதில் கொஞ்சம் கொஞ்சமாக அடங்குகிறது. ஆனால் பிரசவத்துக்கு நீயாகவே தன்னை வேண்டாமென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். "எனக்குச் சிரமம் வேண்டாம்னு நினைச்சிருப்பா" என்று உனக்காகவும் அவளே சமாதானம் சொல்லிக்கொள்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை.

பிள்ளை பெற்றபின் உனக்கும் இப்படி ஏதாவது வந்தால் வெட்கப்படாமல் முதல் நாளே சொல். நிமிர்ந்து பார்க்காமல் எழுதுகிற டாக்டராக இருந்தால் எழுந்து வந்துவிடு. இரும்புச் சத்து மாத்திரையை மட்டும் மறக்காதே. தாயும் சேயுமாக நல்லபடியாக எழுந்திருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
முகம் காட்டக் கூசும்
உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "நான் புள்ளையத் தூக்கக் கூடாதுன்னு நீங்களா சொன்னீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நீ கூப்பிடு. என் போனுக்கு வேண்டாம், அவள் போனுக்குக் கூப்பிடு.