நீலக் கம்பி கட்டிய செருப்பு

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
12.10.2025

அன்புள்ள லோகேஸ்வரி அக்காவுக்கு,

திருச்செல்வம் எழுதுவது. நலம். வயிறுதான் எனக்கு ஓரடி முன்னால் நடந்து போகிறது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வேலைக்காரனுக்கு வேறென்ன பதவி உயர்வு? முதலாளியம்மா வள்ளியம்மா மகனுக்குச் செந்தூலில் பெண் பார்த்தார். பெண் சம்மதித்தாள். பிறகு மாப்பிள்ளை பாடிக் காட்டினான், அத்தோடு சரி.

இங்கே எனக்குக் 'கழுத்துப் பிடிச்ச சிலோன்காரன்' என்று பெயர். எதற்கும் தலையாட்ட மாட்டேன், வாயால்தான் பதில். தலையை ஆட்டினால் கழண்டு விழுந்துடுமா லா என்று வள்ளியம்மா மலேசியப் பாணியில் ஏசுவார்.

உங்கள் கடிதம் கிடைத்தது. காணாமல்போனவர்களைப் பற்றி மறுபடி வாக்குமூலம் எடுக்கிறார்களாம். உங்கள் தம்பி சிவநேசனை ஆமிக்காரர்கள் பிடித்த அன்று நீ ஏதும் கண்டாயா என்று கேட்டிருந்தீர்கள்.

கண்டேன் அக்கா.

அன்று பள்ளிக்கூட மைதானத்தில் ஊர் இளைஞர்களை வரிசையாக நடக்கவிட்டார்கள். ஜீப்பில் தலைக்குச் சாக்குப் போட்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்டு, ஆளைக் காட்டிக்கொடுக்க ஒரு தலையாட்டி இருந்தானே, அது நான்தான். பதினொரு வயது. பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன வழியில் பிடித்தார்கள். யாருக்காவது தலையாட்டினால்தான் இறக்கிவிடுவோம் என்றார்கள். எனக்கு ஒண்டுக்கு முட்டியது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றை முப்பத்தைந்து வருசமாகத் தேடுகிறேன், அகப்படவில்லை. அடுத்து வந்தவருக்குத் தலையாட்டினேன்.

சிவநேசன் அண்ணை என் காலைப் பார்த்தார். அறுந்த என் செருப்புக்கு முதல் நாள்தான் அவர் எங்கள் ஒழுங்கை முனையில் வைத்து நீலக் கம்பி கட்டித் தந்திருந்தார். டேய் திரு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும். சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவரைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். என்னை இறக்கிவிட்டதும் நான் ஒண்டுக்கு ஓடியதும் அந்தப் பக்கம்தான்.

அங்கே கண்டதைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன். தனியாக இருக்கும்போது பிரிக்காதீர்கள். யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், என் பெயரை மறைக்க வேண்டாம். என் அம்மாவின் காதுக்கும் போகட்டும்.

இரண்டு முறை திருடன் வந்தும் நீங்கள் கதவு பூட்டுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். காது கேட்பதில்லை, தம்பி வந்து தட்டினால் யார் திறப்பது என்று. முதல் முறை படித்தபோது, இரண்டாம் திருடனுக்கு எடுக்க என்ன மிஞ்சியிருக்கும் என்று சிரித்தேன். அப்படிப்பட்டவன் நான்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றிலிருந்து கதவைப் பூட்டிக்கொண்டு படுங்கள், அக்கா.

உங்கள் ஒழுங்கைப் பொடியன்,
திருச்செல்வம்