வர வேண்டிய நாள்

9 நவம்பர், ஞாயிறு

காலையில் பார்க்கிங் நகரிலிருந்து அண்ணி போன் எடுத்தார். ஊரில் சண்டைக் காலத்தில் அண்ணை காணாமல் போய் இத்தனை வருடத்தில் இந்தக் கதையை அவர் எடுத்ததே இல்லை.

"இந்த வருசம் திவசம் செய்வம். ஐயர் திதி கேக்கிறார். தெரியாட்டி அமாவாசையில செய்யலாமாம். எனக்கு அது வேண்டாம். அவருக்கெண்டு ஒரு நாள் வேணும். நீ சொல்லு."

நான் எதைச் சொல்வது?

பின்னேரம் பக்கத்து வீட்டு மார்கரெட்டிடம் தேத்தண்ணி குடிக்கப் போனேன். அவருடைய தகப்பன் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பலோடு போனவர். முற்றுகையில் கிடந்த மால்டாத் தீவுக்கு எண்ணெயும் மருந்தும் கொண்டுபோன கப்பலாம். எத்தனையோ தடவை தப்பி வந்தது, ஒரு தடவை வரவில்லை. எங்கே, எப்போது மூழ்கியது என்று யாருக்கும் தெரியாது.

அப்படியென்றால் எந்த நாளில் அவரை நினைப்பீர்கள் என்று கேட்டேன். துறைமுகத்துக்குத் திரும்பியிருக்க வேண்டிய நாளையே கடற்படை இறந்த நாளாக எழுதிக்கொண்டதாம். ஒரு குழப்பமும் இல்லாமல் சொல்லிவிட்டு பிஸ்கட்டை நீட்டினார்.

அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பு ஓடவில்லை. அண்ணைக்கும் வர வேண்டிய நாள் ஒன்று இருக்கிறது. காணாமல் போன அன்று காலையில் சைக்கிளை எடுக்கும்போது அண்ணியிடம் சொன்னார்: "பின்னேரம் வாறன். சோத்தை மூடி வை." அண்ணி மூடி வைத்துவிட்டு விடியும்வரை வாசல் படலையைப் பார்த்தபடி இருந்தார்.

அந்த நாளையா நான் அண்ணிக்குத் திதியென்று சொல்வது?