வேகமாக ஓடிய ரெக்கார்டு

உன் ரெக்கார்டு பிளேயர் இத்தனை வருஷமும் கொஞ்சம் வேகமாகத்தான் ஓடியிருக்கிறது. தேரடி வீதியில் ரேடியோ பழுதுபார்க்கும் பாய் முந்தாநாள் மாலை இதை உறுதிப்படுத்தினார். மோட்டாரின் முனையில் ஒரு பித்தளைப் பூண் இருக்கிறது. அதன் தடிமன் ஜாஸ்தியாம்; அதனால் தட்டு வேகமாகச் சுற்றுமாம். நீ இறந்த பிறகும் தினம் போட்டுக் கேட்டு வந்தேன். போன வாரம் அந்தப் பூண் உடைந்து பிளேயர் நின்றுவிட்டது.

"நம்பலன்னா நீங்களே கேளுங்க சார்" என்று நம் ரெக்கார்டைத் தன் மெஷினில் போட்டார் பாய்.

செங்கம் சாலையில் நம் பக்கத்து அறையில் குடியிருந்த வெள்ளைக்கார அம்மா, ஊருக்குப் போகும்போது பிளேயரோடு உனக்குக் கொடுத்த அதே ஜாஸ் ரெக்கார்டு. வாசிப்பவர்கள் மூன்றே பேர்: பியானோ, ஆளுயர வயலின் போன்ற பாஸ், டிரம்ஸ். உறையில் பியானோக்காரர் தலை குனிந்திருப்பார்; முகம் தெரியாது. டிரம்ஸ்காரர் குச்சியால் அடிக்காமல் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார். முதல் நாளே நீ கூடத்திலிருந்து கத்தினாய்: "ஏங்க, இந்த ஆளு பெருக்கினே இருக்கான், ஒரு குப்பையும் போவல!"

அன்றிலிருந்து அவர் நமக்குப் பெருக்கறவர். பாஸ்காரர் உன் பெரிய மாமா. குறுக்கும் நெடுக்கும் நடப்பார், பேச மாட்டார். பத்திரிகைக்கு நான் எழுதும் செய்திக் கவரை மெட்ராஸ் பஸ்ஸில் சேர்த்துவிட்டு வரும்போது இரண்டாவது பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். சோற்றுக் கரண்டியால் குண்டானின் விளிம்பில் தாளம் தட்டியபடி சொல்வாய்: "மூணு பேருக்கும் வூட்டுக்குப் போற அவசரம் பாருங்க. உங்களுக்குத்தான் அது கம்மி."

பாய் கடையில் அவர்களுக்கு அவசரமே இல்லை. பியானோ ஒரு சுரத்தை வைத்துவிட்டு, அடுத்ததை வைக்கலாமா என்று யோசித்தது. பெருக்கறவர் நின்று நின்று பெருக்கினார், வீட்டில் வேறு யாரும் இல்லாதவர் போல. "உன் மாமா இன்னிக்கு மெதுவா நடக்கறாரு" என்று உன்னிடம் சொல்லத் திரும்பினேன். பாய் திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேலூர் லேத் பட்டறையில சரியான அளவுக்குப் புதுசா கடையச் சொல்லிடறேன் சார்."

"வேணாம் பாய். பழைய அளவுக்கே சொல்லுங்க."

"தப்பான அளவு சார் அது."

"தெரியும்."

உடைந்த துண்டுகளை உள்ளங்கையில் சேர்த்துப் பார்த்தார். "தப்பா பண்றதுக்கும் ஒரு அளவு வேணுமே சார். இதுல எடுக்க முடியாது. முன்ன எவ்ளோ வேகம் ஓடுச்சின்னு உங்களுக்காச்சும் ஞாபகம் இருக்குதா?"

மேசையில் விரலால் தட்டிக் காட்டினேன். உன் கரண்டியின் வேகம். பாய் சிரிக்கவில்லை. இன்னொரு முறை தட்டச் சொல்லி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார்.

அப்படிக் கடைய முடியுமா என்பதற்கு வேலூரிலிருந்து இன்னும் பதில் இல்லை. வியாழக்கிழமை மாலை பஸ்ஸில் பதில் வந்துவிடும் என்கிறார் பாய். அதுவரை மறந்துவிடக் கூடாதே என்று, சாப்பிட உட்காரும்போதெல்லாம் குண்டானின் விளிம்பில் தட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.